கொல்லைப்புறத் தொலைநோக்கியும் இரட்டை விண்மீன் ஆய்வும்: புதுச்சேரி முதல் சிகாகோ வரை

1689 டிசம்பரில் புதுச்சேரியில் ழான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சயாமில் முந்தைய ஆண்டு நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இங்கு வந்து சேர்ந்தவர் அவர். வால்மீனைத் தேடி 12 அடி நீளத் தொலைநோக்கியைத் திருப்பியபோது, தென்வானின் ஆல்பா சென்டாரி ஒரு விண்மீன் அல்ல, இரண்டு என்று தெரிந்தது. அவர் இரட்டை விண்மீன்களைத் தேடிப் போகவில்லை. அந்தக் காலத்தில் யாருமே தேடவில்லை. கண்ணில் பட்டதைக் குறித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

தற்செயலாகக் கண்ணில் பட்ட இந்த ஜோடிகள் எப்படி ஒரு துறையாயின, அதில் சொந்த வீட்டில் சிறிய தொலைநோக்கி வைத்திருந்தவர்களின் பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வானியலின் பெரும்பாலான கிளைகளில் பெரிய ஆடிகள் வந்ததும் தனிமனிதர்கள் ஒதுங்க வேண்டியதாயிற்று. இத்துறையில் அப்படி நடக்கவில்லை. இங்கே தேவைப்பட்டது குழாயின் அகலத்தைவிட நல்ல வில்லையும், ஒரே ஜோடியிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செல்லும் பொறுமையும்.

ஜான் மிட்செல் 1767இலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்: வானில் இத்தனை ஜோடிகள் தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லை, பல ஜோடிகள் உண்மையில் இணைந்தவையாகவே இருக்க வேண்டும். வில்லியம் ஹெர்ஷல் வேறு நோக்கத்தில் புறப்பட்டார். ஒன்று அருகில், மற்றொன்று வெகு தொலைவில் இருந்தபடி ஒரே திசையில் தெரியும் ஜோடி கிடைத்தால், பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ளது சற்றே நகர்வதை அளந்து அதன் தூரத்தைக் கணக்கிடலாம் என்பது அவர் எண்ணம். இங்கிலாந்தின் பாத் நகரில், இசை கற்பித்துப் பிழைத்துக்கொண்டே, தன் கையால் செய்த 6.2 அங்குல ஆடித் தொலைநோக்கியில் ஜோடிகளைத் தேடினார். அந்தத் தேடலின் நடுவில்தான், 1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டார். 1782இல் வெளியான அவர் பட்டியலில் 269 ஜோடிகள் இருந்தன. தூரம் கிடைக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து அதே ஜோடிகளை மீண்டும் அளந்தபோது, காஸ்டர் உள்ளிட்ட சிலவற்றில் ஒன்றையொன்று சுற்றும் இயக்கம் புலப்பட்டது. இதை அவர் 1803இல் அறிவித்தார். 1827இல் பிரான்சின் சவாரி, பெருங்கரடி மண்டலத்தின் க்ஸை விண்மீனுக்குச் சுற்றுப்பாதையே கணக்கிட்டார். நியூட்டனின் ஈர்ப்பு விதி சூரியக் குடும்பத்துக்கு வெளியிலும் செல்லும் என்பது அதனால் உறுதியாயிற்று.

இந்தியத் தொடர்பு இங்கே மீண்டும் வருகிறது. பம்பாய் பொறியாளர் படையைச் சேர்ந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், பூனாவில் சொந்தமாக ஒரு சிறு வானாய்வகம் வைத்து 1845 முதல் 1848 வரை இரட்டை விண்மீன்களை அளந்தார். பின்னர் மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்தார். 70 ஒஃபியூகி என்ற ஜோடியின் நகர்வு கணித்த பாதையில் பொருந்தவில்லை என்று கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று 1855இல் எழுதினார். அமெரிக்காவின் சீ என்பவரும் பின்னர் அதையே வேறு விதமாகச் சொன்னார். அப்படியொரு அமைப்பு நிலைத்திருக்காது என்று மோல்ட்டன் 1899இல் காட்டினார். கோள் இல்லை. ஆனாலும், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைத் தேடி அளவுகளை முன்வைத்த மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று சென்னையிலிருந்து போனது. தோற்ற கருதுகோள் என்பதால் அதை மறந்துவிடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிகாகோவின் பர்னம் இத்துறையின் போக்கையே மாற்றினார். ஹெர்ஷலும், ஃபிரான்ஹோஃபர் செய்த பெரிய வில்லைத் தொலைநோக்கியுடன் டோர்பாட்டில் உழைத்து 1827இல் 3,112 ஜோடிகளைப் பட்டியலிட்ட ஸ்த்ரூவவும் வடவானை வழித்தெடுத்துவிட்டார்கள் என்றே பலரும் நினைத்திருந்தனர். பர்னம் பகலில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர். ஆல்வன் கிளார்க் நிறுவனத்திடம் 6 அங்குல வில்லைத் தொலைநோக்கி ஒன்றைச் செய்வித்து, வீட்டின் பின்புறம் நிறுவினார். 1873இல் 81 புதிய ஜோடிகளுடன் முதல் பட்டியல் வெளியானது. பெரியவர்கள் தவறவிட்டது எதனால்? மிக நெருங்கிய ஜோடிகளும், பிரகாசமான விண்மீனின் ஒளியில் மங்கிப்போன துணைகளும் அவர்களுக்குப் புலப்படவில்லை. பர்னத்தின் வில்லை துல்லியமானது, கண் அதைவிடக் கூர்மையானது. பிற்காலத்தில் லிக், யெர்க்ஸ் ஆய்வகங்களின் பெருந்தொலைநோக்கிகள் அவருக்குக் கிடைத்தன. 1906இல் அவர் வெளியிட்ட பொதுப்பட்டியலில் 13,665 ஜோடிகள் உள்ளன.

எவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்கலாம் என்பதற்கு விதி வகுத்தவரும் இங்கிலாந்தின் தனியார் நோக்கரான டாஸ்தான். 4.56ஐத் தொலைநோக்கியின் அங்குல விட்டத்தால் வகுத்தால் வில்நொடியில் விடை வரும் (ஒரு பாகையில் 3,600 வில்நொடிகள்). 4 அங்குலத்துக்கு 1.14, பர்னத்தின் 6 அங்குலத்துக்கு 0.76. இது ஏறக்குறைய ஒரே ஒளியுள்ள ஜோடிகளுக்குத்தான். ஒன்று மிக மங்கலாக இருந்தால் விதி கைவிட்டுவிடும்; காற்று அலைந்தால் எந்த விதியும் நிற்காது.

அளப்பதற்கு இன்று நுண்ணளவி கட்டாயமில்லை. அளவுகோல் பொறித்த கண்ணருகு வில்லை போதும். வான்நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள விண்மீன், தொலைநோக்கி அசையாமல் நிற்கும்போது, நொடிக்கு 15 வில்நொடி நகரும். அளவுகோலை அது முழுதாகக் கடக்கும் நேரத்தைப் பலமுறை குறித்துச் சராசரி எடுத்தால் ஒவ்வொரு கோட்டின் மதிப்பும் கிடைத்துவிடும். பிறகு ஜோடியை அதன் மேல் வைத்துப் படிக்க வேண்டியதுதான். ஒரே இரவின் அளவை நம்பக் கூடாது. சில இரவுகளின் சராசரியே பேசும்.

வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகம் பேணும் இரட்டை விண்மீன் பட்டியலில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் உள்ளன. பல ஜோடிகள் நீண்ட காலமாக அளக்கப்படாமல் கிடக்கின்றன. முறையாக எடுத்த அமெச்சூர் அளவுகளுக்கும் அதில் இடமுண்டு. ஜேக்கப் அளந்த 70 ஒஃபியூகியின் சுற்றுக்காலம் சுமார் 88 ஆண்டுகள். 3 அங்குலத் தொலைநோக்கியே அதைப் பிரித்துக் காட்டும். வான்நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மேலே சொன்ன முறையும் பொருந்தும். மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மே, ஜூன் இரவுகளில் அதிலிருந்தே தொடங்கலாம்.