யார் வீட்டுத் திண்ணையில் படிப்பது? டியூஷனுக்குள் இருக்கும் சாதி வரலாறு

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால், நாங்கள் வேலை செய்யும் சேரிகளில் பெற்றோர் தவறாமல் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்கு ஒரு நல்ல டியூஷன் பார்த்துச் சொல்லுங்க." கணக்கும் இங்கிலீசும் புரியும்படி சொல்லித்தர ஆள் வேண்டும், ஃபீஸ் கைக்கு அடங்க வேண்டும். இவை வாய்விட்டுக் கேட்பவை. வாய்விட்டுக் கேட்காத ஒன்றும் உண்டு. டியூஷன் வாத்தியார் வீடு ஊர்த்தெருவில் இருந்தால் நம் பிள்ளையை உள்ளே உட்கார வைப்பார்களா?

இந்தத் தயக்கத்தைத் தாழ்வு மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது மனப்பான்மை இல்லை தோழர்களே, அனுபவத்தில் வந்த எச்சரிக்கை. அதன் வரலாறு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளிகள் பரவுவதற்கு முன்னால் இங்கே படிப்பு என்பதே ஒருவகை டியூஷன்தான். ஒரு வாத்தியார், ஒரு திண்ணை, பெற்றோர் கொடுக்கும் காசு அல்லது தானியம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் இதைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. சென்னையில் மட்டும், பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்த ஆண்பிள்ளைகள் 26,446 பேர் என்று எழுதியிருந்தார்கள். இது பள்ளிக்குப் போனவர்களைப் போலப் பல மடங்கு. இந்த எண்ணில் தவறு இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார்.

1983இல் தரம்பால் தம் நூலில் இந்தக் கணக்குகளை வெளியிட்டார். அன்றிலிருந்து "வெள்ளைக்காரன் வரும்முன் எல்லோரும் படித்திருந்தோம்" என்று பேசுவோருக்கு இதுவே ஆதாரம். அந்தப் பட்டியலின் தலைப்புகளைக் கவனியுங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியினர், முஸ்லிம்கள். நமக்குத் தனித் தலைப்பு கிடையாது. "பிற சாதியினர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று அது பிரித்துச் சொல்வதில்லை. அதைக் காட்டிச் சேரிப் பிள்ளையும் திண்ணையில் சமமாக உட்கார்ந்தது என்று யாரும் நிறுவிவிட முடியாது.

திண்ணைப் பள்ளி நடந்த விதத்தை யோசித்தால் விஷயம் புரியும். வாத்தியாருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரவில்லை, பெற்றோரிடமிருந்து வந்தது. பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் படி அளப்பவர்கள் தீர்மானித்தார்கள். வாத்தியார் சேரிக்கு வரமாட்டார், நம் பிள்ளை அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. கையில் காசு இருந்தாலும் கல்வி கிடைக்காது. வறுமை ஒரு தடை, வாசல் இன்னொரு தடை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வசதியான பொய்.

பள்ளிக்குள் போக முடிந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்த காலத்தைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சக மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். வீடு தெரிந்தால் சாதி தெரியும். அப்படிப்பட்ட பிள்ளை யாரை வீட்டுக்கு அழைத்துப் பாடத்தில் சந்தேகம் கேட்கும்?

அதனால்தான் நம் முன்னோடிகள் அடுத்தவர் வாசலில் காத்து நிற்பதை விட்டுவிட்டு வேறு வழி தேடினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டின் உதவியைப் பெற்றார். 1894இல் சென்னையில் ஆல்காட்டின் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் இடம் கிடைத்தது. அந்த விடுதியின் அருமை, விளக்கும் மேசையும் இல்லாத வீட்டில் படித்தவர்களுக்குத் தெரியும். பள்ளி மணி அடித்த பிறகு தொடரும் படிப்புக்கு அது இடம் கொடுத்தது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இந்த வகுப்பறைக்கு வெளியிலான கல்வி உண்டு. வகுப்பில் தனியே கோணிச்சாக்கில் உட்கார வைக்கப்பட்டவர் அவர். பம்பாயில் சர்னி ரோடு பூங்காவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த அந்த மாணவனைக் கண்டுகொண்டவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். புத்தகங்கள் கொடுத்தார். பின்னர் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் வழி செய்தார். கொலம்பியாவில் படித்துத் திரும்பி, பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்ட பிறகு, பம்பாயில் டியூஷன் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார் அண்ணல். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. ஒரு கேலுஸ்கர் தற்செயலாகக் கிடைப்பார் என்று எல்லாப் பிள்ளைகளையும் பூங்காவில் காத்திருக்கச் சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இன்றைக்கு வருவோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பள்ளி ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. நடைமுறை உங்களுக்கே தெரியும். கொரோனாவுக்குப் பிறகு 2021இல் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அவர்கள் குடியிருப்பிலேயே, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் எடுத்தார்கள். அதன் குறைகளைத் தனியாகப் பேசலாம். ஆனால் பிள்ளை வாத்தியாரைத் தேடிப் போவதற்குப் பதில் வகுப்பு பிள்ளையைத் தேடி வர வேண்டும் என்ற எண்ணத்தை நம்மவர்கள் நூறாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே டியூஷன் தேடும் பெற்றோரிடம் நாங்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறோம். பிள்ளை எங்கே உட்கார்கிறது? தாகம் எடுத்தால் எல்லோரும் குடிக்கும் டம்ளரிலேயே குடிக்கிறதா? தப்பாகச் சொன்னால் தப்பைத் திருத்துகிறார்களா, தெருவைச் சொல்லித் திட்டுகிறார்களா? முதல் வாரத்திலேயே இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிடும். பதில் சரியில்லை என்றால், எத்தனை பெரிய வாத்தியாராக இருந்தாலும் அந்த வாசல் வேண்டாம். கூடவே இன்னொன்றும் சொல்கிறோம். மாலை வகுப்பு நடக்கிறதே என்று பள்ளியை விட்டுவிடாதீர்கள். காலையில் நடக்க வேண்டிய பாடம் நடந்ததா என்று கேட்பது உங்கள் உரிமை.

கல்லூரியில் படிக்கும் தோழர்களே, சேரியில் முதல் பட்டதாரியாக வந்த உங்களிடம் கேட்க எங்களுக்கு ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு மாலை, சமுதாயக்கூடத்தில் ஒரு விளக்கு, பத்துப் பிள்ளைகள். அது போதும், தொடங்கிவிடலாம். நம் தெருச் சுவரில் நாமே எழுதி வைத்திருக்கும் அண்ணலின் முழக்கத்தைத் தமிழில் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதன் முதல் சொல் 'படி' என்று இல்லை. 'கற்பி' என்றுதான் இருக்கிறது.

ஜெய்பீம்.