நாவைப் பூட்டியது யார்?

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையிலே உழவர் வீட்டு இளைஞன் விலை பேசுவதைக் கேட்டிருக்கிறீர்களா? வாதம் வரும், நகைச்சுவை வரும், பழமொழி பாய்ந்து வரும். அவனே பல்கலைக்கழக வகுப்பிலே ஆங்கிலத்தில் பேச எழுந்தால் நா ஒட்டிக்கொள்கிறது, கை நடுங்குகிறது. அறிவு குறைந்துவிட்டதா? இல்லை, அச்சம் புகுந்துவிட்டது! புகுத்தியது விதியா? அன்று, வரலாறு!

1835-இல் மெக்காலே அறிக்கை தந்தார். ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கான மக்களுக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் ஒரு சிறு கூட்டமே அவர் வேண்டியது. 1844-இல் ஹார்டிஞ்சு, ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு அரசுப் பணியில் முன்னுரிமை வழங்கினார். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பிழைப்புக்கு வழியான மொழி, அறிவுக்கு அளவுகோலாயிற்று. ஏட்டோடு பழகியோர் அந்த ஏணியிலே முதலில் ஏறினர். ஏரோடு பழகியோர் அண்ணாந்து பார்த்தனர். 1916-இல் வெளிவந்த பார்ப்பனரல்லாதார் அறிக்கை சுட்டிக்காட்டியதும் இந்த ஏற்றத்தாழ்வைத்தான்.

அந்த அளவுகோலாவது நேரானதா? கணித மேதை இராமானுசன், கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே ஆங்கிலக் கட்டுரையில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். மேதையையே அளக்கத் தெரியாத கோல், நம் இளைஞனையா அளந்துவிடப் போகிறது?

1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகம் குருதி சிந்தியது. 1968-இல் இருமொழிக் கொள்கை சட்டமன்றத் தீர்மானமாயிற்று. ஆங்கிலத்தைக் கேடயமாகக் கொண்டோம். ஏந்துபவன் கையே நடுங்கினால் கேடயம் காக்குமா? காஞ்சியின் எளிய நெசவாளர் குடும்பத்திலே பிறந்த அண்ணா, 1962-இல் மாநிலங்களவையிலே ஆங்கிலத்தில் முழங்கினார். பிறந்த குடி அவர் நாவைப் பூட்டவில்லை. மேடை மேடையாகப் பேசிய பழக்கம் அதைத் தீட்டியது.

ஆசிரியனாகிய நானும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் எழுதவைக்கிறோம், பேசவைக்கிறோமா? வினாத்தாள் கையைச் சோதிக்கிறது, நாவைத் தொடுவதில்லை. ஒருவன் துணிந்து பேசிப் பிழைபட்டாலோ, வகுப்பே சிரிக்கிறது. மழலை பிழையின்றியா தமிழ் கற்றது? அதன் பிழையை நாம் கொஞ்சினோம், அது பேசிற்று.

தோழர்களே! படிப்பகங்களிலே மாலைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிழையோடு பேசட்டும், பேசிப் பேசித் திருந்தட்டும். சாதி கட்டிய மதிலை இடிக்கப் புறப்பட்ட நாம், சிரிப்பு கட்டிய மதிலை விட்டுவைக்கலாமா?