துடுப்பு ஒண்ணு குறையுதா? லேக் ட்ரவுட்டின் வயசு அங்கேதான் இருக்கு!

ஒரு மீனைக் கையில் கொடுத்து, "இது எந்த வருஷம் பிறந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வீங்க? பெருசா இருந்தா வயசு அதிகம், சின்னதா இருந்தா கம்மி... அவ்வளவுதானே! ஆனால், அமெரிக்கா - கனடா எல்லையில் இருக்கும் ஐம்பெரும் ஏரிகளில் இந்தக் கணக்கு எடுபடாது. அங்கே 'லேக் ட்ரவுட்' பிடிப்பவர்கள் நீளத்தை அளப்பதற்கு முன்னாடி துடுப்புகளைத்தான் எண்ணுவாங்க.

முதலில் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கணுமே... சாம்பலோ பச்சையோ கலந்த கருத்த உடம்பு, அதன்மேல் வெளிர்நிறப் புள்ளிகள். அதே ஏரிகளில் இருக்கும் சால்மன், பிரவுன் ட்ரவுட்டுக்கெல்லாம் வெளிர் உடம்பில் கறுப்புப் புள்ளி; இது அப்படியே தலைகீழ். வால் கவட்டை மாதிரி ஆழமாகப் பிளந்திருக்கும். பேர்தான் ட்ரவுட், உண்மையில் இது 'சார்' வகை மீன். நம்ம நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கும் ட்ரவுட்டுக்குத் தூரத்துச் சொந்தம்.

சரி, துடுப்பை எதுக்கு எண்ணணும்?

1950-களில் இந்த மீன் ஐம்பெரும் ஏரிகளில் கிட்டத்தட்ட காலி. ஒருபக்கம் அளவுக்கு மீறிய மீன்பிடி. இன்னொரு பக்கம், கால்வாய் வழியாக உள்ளே வந்து, மீனின் உடம்பில் வாயை ஒட்டவைத்து ரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரே. மிச்சிகன் ஏரியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 1958-லிருந்து லாம்ப்ரே குஞ்சுகளைக் கொல்லும் மருந்தை ஆறுகளில் கலந்தார்கள். மிச்சிகன் ஏரியில் 1965-லிருந்து, பண்ணையில் பொரித்த ட்ரவுட் குஞ்சுகளை விட ஆரம்பித்தார்கள். இப்போ ஒரு கேள்வி வருது இல்லையா? அஞ்சாறு வருஷம் கழித்து வலையில் மாட்டும் மீன், நாம விட்டதா... இல்லை ஏரியிலேயே பிறந்ததா?

அதற்குத்தான் குஞ்சை விடும்போதே ஒரு துடுப்பை வெட்டிவிடுகிறார்கள். இந்த வருஷக் குஞ்சுக்கு வலது மார்புத் துடுப்பு, அடுத்த வருஷத்துக்கு இடது வயிற்றுத் துடுப்பு என்று மாற்றி மாற்றி. எந்தத் துடுப்பு இல்லையோ, அதுதான் பிறந்த வருஷத்துக்கான க்ளூ. துடுப்புகளின் எண்ணிக்கை கொஞ்சம்தானே, அதனால் சில வருஷங்களில் அதே வெட்டு திரும்ப வரும். அப்போதான் நீளம் உதவிக்கு வருது. ஒரே வெட்டு உள்ள இரண்டு மீன்களில், ஒன்று முழங்கை நீளம், இன்னொன்று அதில் பாதி என்றால் சந்தேகமே இல்லை.

இன்றைக்குப் பெரும்பாலும் வெட்டுவது முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் குட்டியான கொழுப்புத் துடுப்பை. கெளுத்தி மீன் கழுவியவர்களுக்கு அது தெரிந்திருக்கும். முள்ளே இல்லாத சதைத் துண்டு. அது இல்லையென்றால், மூக்குக்குள் 1.1 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கம்பித் துணுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். அதில் பொறித்த எண்ணை மைக்ரோஸ்கோப்பில் படித்தால், எந்தத் தொகுதி, எந்த வருஷம், எங்கே விட்டது எல்லாமே வந்துவிடும். அதனால்தான், அந்தத் துடுப்பு இல்லாத மீன் மாட்டினால் தலையைத் தூக்கிப்போடாதீங்க, எங்ககிட்ட கொடுங்கன்னு அங்கே மீன்வளத் துறையினர் கேட்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. அடியோடு வெட்டாத துடுப்பு திரும்ப வளரும். ஆனால் கோணல்மாணலாக, முட்கள் வளைந்து வளரும். அவசரத்தில் பார்த்தால் 'எல்லாம் சரியா இருக்கே' என்று ஏமாந்துபோவோம்.

அப்போ, எல்லாத் துடுப்பும் முழுசா இருக்கும் மீனுக்கு? அங்கேதான் செவிக்கல். கத்தாளை மீன் தலையைச் சாப்பிடும்போது வெள்ளையாக ஒரு கல் பல்லில் மாட்டுமே, அதேதான். ட்ரவுட்டுக்கு இன்னும் சின்னது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் மரத்தில் இருப்பதுபோல வருஷ வளையங்கள். செதிலிலும் வளையம் உண்டு. ஆனால், வயதான மீன் வளர்வதையே கிட்டத்தட்ட நிறுத்திவிடுவதால், செதிலின் ஓரத்தில் வளையங்கள் நெருங்கி, எண்ணிக்கை குறைந்துபோகும். செவிக்கல் மட்டும் அசராமல் வருஷத்துக்கு ஒரு வளையம் போட்டுக்கொண்டே இருக்கும்.

வளையத்தை எண்ணியது சரிதானா என்று எப்படித் தெரியும்? இங்கே பண்ணை மீன்தான் விடைத்தாள்! கம்பித் துணுக்கில் வருஷம் இருக்கு, செவிக்கல்லில் வளையம் இருக்கு; ஒத்துப்பார்த்தால் போச்சு. ரொம்ப வயதான மீனுக்கு இன்னொரு சாட்சி, 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள். அப்போது காற்றிலும் நீரிலும் கூடிய கார்பன்-14, செவிக்கல்லின் நடுவில் பதிந்துகிடக்கிறது. அதை வைத்துப் பார்த்தபோது, கனடாவின் வடகோடி ஏரிகளில் லேக் ட்ரவுட் 50 வருஷம்கூட வாழ்வது உறுதியானது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல வருஷம் எடுக்கும் மீன் இது. வயசு தெரியாமல் பிடித்துத்தள்ளினால் என்ன ஆகும் என்பதைத்தான் 1950-களில் பார்த்தார்களே!

குறையில்லாத துடுப்போடு ஒரு மீன் வந்தால் ஆய்வாளர்கள் ஏன் சந்தோஷப்படுகிறார்கள் என்பது இப்போ புரிந்திருக்கும். அது ஏரியிலேயே பிறந்தது. சுப்பீரியர் ஏரியில் அப்படிப்பட்ட மீன்கள் பெருகியதால், பெரும்பகுதியில் குஞ்சு விடுவதையே நிறுத்திவிட்டார்கள். அந்த ஏரியின் பெரும்பகுதியில் இந்த மீன் முழுசா மீண்டுவிட்டதாக 2024-ல் அறிவிப்பும் வந்தது. மிச்சிகன் ஏரியில் துடுப்பு எண்ணும் வேலை இன்னும் முடியவில்லை.