பதினோரு மணி நேரத்தில் பிறந்த இசை

தாம் ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றுப் படம் எடுக்க இறங்கியவர் சத்யஜித் ராய். மனைவி விஜயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. 1952 அக்டோபரில் தொடங்கிய ‘பதேர் பாஞ்சாலி’, மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகே முடிந்து, 1955இல் வெளிவந்தது.

அதன் இசையைப் படத்தைப் பார்க்காமல் தனியாகக் கேட்டுப் பாருங்கள். மூங்கில் குழலில் எழும் அந்த மெட்டு, வங்கக் கிராமம் ஒன்றில் தலைமுறைகளாகப் பாடப்பட்டுவந்தது போலவே இருக்கும். உண்மையில் அது சிதார் கலைஞர் ரவிசங்கர், ராயைச் சந்தித்தபோது முணுமுணுத்துக் காட்டியது. அப்போது ரவிசங்கர் டெல்லி வானொலியில் வேலையில் இருந்தார். படத்துக்கு மூலமான விபூதிபூஷணின் கதையை முன்பே அறிந்தவர். படத்தில் ஏறக்குறைய பாதியை மட்டும், அதுவும் முழுதாகத் தொகுக்காத நிலையில், பார்த்தார். பிறகு ஒரே இரவு. சுமார் 11 மணி நேரத்தில் பெரும்பகுதி இசை உருவாகிவிட்டது. சில இடங்களுக்குச் சிதார் வாசித்தவர் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா!

மழைக்கு மரபுப்படி தேஷ் ராகம். துயரத்துக்குத் தோடி; இந்துஸ்தானித் தோடியான இது நம் கர்நாடக இசையின் தோடி அல்ல, நம் சுபபந்துவராளிக்கு இணையானது. ஆனால் என்னை உலுக்குவது பட்தீப் ராகம் வரும் இடம்தான். நம் கௌரிமனோகரியை அறிந்த காதுக்கு அந்த ஸ்வரங்கள் அந்நியமாக இரா. ஊர் திரும்பிய ஹரிஹர், மகள் துர்காவுக்கு வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். அவள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. தாய் சர்வஜயா வெடித்து அழுகிறாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தட்சிணாமோகன் தாகூர் வில் போட்டு வாசித்த தார்ஷெனாய் உச்சத்தில் கதறுகிறது. சர்வஜயாவாகக் கருணா பானர்ஜி எவ்வளவு உருகி நடித்திருந்தாலும், அந்தக் குரலை எடுத்துவிட்டு வாத்தியத்தை வைத்த துணிச்சல் ராயுடையது. இந்தியத் திரையிசையில் இதற்கு நிகரான இடம் எனக்குத் தெரிந்து மிகச் சில.

இதைத் தொடர்ந்து வந்த ‘அபராஜிதோ’, ‘அபூர் சன்சார்’ படங்களுக்கும் ரவிசங்கரே இசை. ஆனால் பெரிய வித்வான்களின் நேரம் கிடைப்பது அரிதாக இருந்தது. ராய்க்கோ எங்கே எவ்வளவு இசை வேண்டும் என்பதில் தீர்மானமான எண்ணம் உண்டு. 1961இல் ‘தீன் கன்யா’ முதல் அவரே இசையமைக்கத் தொடங்கினார்.