'பால் காணாது': தலைப்பிள்ளைத் தாயின் நம்பிக்கையும் வன்னியும் – ஒரு மறுவாசிப்பு

தாய்க்குப் பால் போதவில்லை என்ற முறைப்பாட்டை மானிடவியல் விவாதத்தின் நடுவே கொண்டுவந்தவர்கள் யூடித் குஸ்லரும் லிண்டா பிரீஸ்மைஸ்டரும். 1980இல் வெளியான அவர்களது வாதம் எளிமையானது. நீண்ட காலம் நின்றதற்கும் அதுவே காரணம். மனிதப் பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு. ஆகவே பிள்ளை அடிக்கடி குடித்தாக வேண்டும். நகர வாழ்க்கையும் ஆஸ்பத்திரி ஒழுங்கும் தாயையும் பிள்ளையையும் பிரித்து, நேரம் குறித்துப் பாலூட்ட வைத்தன. பிள்ளை அழுதது. பால் காணாது என்று தாய் முடிவுகட்டினாள். போத்தல் வந்தது. உறிஞ்சல் குறையப் பாலும் உண்மையாகவே குறைந்தது.

அடுத்த ஆண்டே கிரைனர், வான் எஸ்டெரிக், லேதம் மூவரும் இதை மறுத்தார்கள். போத்தல் கடைசியில் வரவில்லை, விளம்பரத்தோடு முதலிலேயே வந்துவிட்டது என்றார்கள். நியாயமான மறுப்புத்தான். என் வேறுபாடு அவர்கள் தொடாத இடத்தில் இருக்கிறது. குஸ்லர் தரப்பின் வாசிப்பில் தாயின் நம்பிக்கைக்குத் தனி வேலை எதுவும் இல்லை. உடல் நெருக்கம் இருந்தால் பாலும் வரும், நம்பிக்கையும் வரும். வவுனியாவில் இருந்து பார்க்கும்போது இது நிற்காது.

2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மாவட்டச் செட்டிகுளத்து மனிக் பாம் முகாமில் தாயும் பிள்ளையும் பிரிய வழியே இருக்கவில்லை. கை நீட்டினால் பிள்ளை; வெளியே போகக் கம்பிவேலி விடாது. பிரிந்து கிடந்தவை மற்ற உறவுகள். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரியவர்களின் பெயர் சூட்டிய வலயங்களில் குடும்பங்கள் சிதறியிருந்தன. தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டில் இருந்து பத்தியக் கறியும் சரக்குத் தண்ணியும் வாங்கிக் குடிக்க வேண்டியவள், தாய் எந்த வலயத்தில் என்று தேடவேண்டிய நிலை. குஸ்லர் தரப்பு சரியென்றால், இத்தகைய முகாம்களில் பாலைப் பற்றிய ஐயமே எழக்கூடாது. ஆனால் அவசரகாலப் பாலூட்டல் வழிகாட்டிகள் உலகெங்கும் முதலில் மறுக்க வேண்டியிருப்பது, அதிர்ச்சியில் பால் வற்றிவிடும் என்ற அச்சத்தைத்தான்.

இங்கே 1948ஆம் ஆண்டின் ஒரு சிறிய பரிசோதனையில் சற்றுத் தங்க விரும்புகிறேன். பாலூட்டிக்கொண்டிருந்த நைல்ஸ் நியூட்டன், கணவர் மைக்கலோடு சேர்ந்து, தன் மேலேயே அதைச் செய்தார். பிள்ளைக்கு ஏழு மாதம். இடையூறில்லாத நாளில் பிள்ளை குடித்தது சராசரி 168 கிராம். கால்களைப் பனிநீரில் வைத்தும், பெருவிரலை இழுத்தும், கணக்குக் கேட்டும் தொந்தரவு செய்த நாளில் 99 கிராம். அதே தொந்தரவோடு, பாலை இறங்கச் செய்யும் ஒக்சிரோசின் ஊசியும் போட்ட நாளில் 153. பால் வற்றவில்லை, உள்ளேதான் இருந்தது, இறங்கவில்லை, அவ்வளவே. மூன்று வகை நாட்களிலும் பிள்ளை மார்பிலேயே குடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நெருக்கம் மாறவில்லை, மனம்தான் மாறியது. ஒரேயொரு தாய், ஒரேயொரு பிள்ளை, ஆய்வாளரே ஆய்வுப்பொருள். சான்று மெலிந்ததுதான். ஆனாலும் குஸ்லர் தரப்பின் சங்கிலியில் இல்லாத கண்ணியைக் காட்ட இது போதும்.

இலங்கையின் எண்கள் இன்னொரு பக்கமிருந்து இடிக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 2000இல் 53 வீதம், 2006–07இல் 76, 2016இல் 82. ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில் நடக்கும் நாட்டில் நிகழ்ந்த ஏற்றம் இது. குஸ்லர் தரப்பு குற்றஞ்சாட்டிய ஆஸ்பத்திரி வேறு, பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே கிடத்தும் இன்றைய விடுதி வேறு என்று அவர்கள் சார்பில் சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாய் தடுமாறுவது வீட்டுக்கு வந்த பிறகு, இரவில். முதல் பத்து நாளில் இரண்டு தடவை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஏற்பாடு அந்த இரவுகளுக்கானது. 1926இல் களுத்துறைச் சுகாதாரப் பிரிவில் வேர்விட்ட இந்த வழக்கமே, 1983இன் பால்மாச் சந்தைப்படுத்தல் கோவையைவிட அதிகம் செய்தது என்பது என் ஊகம்.

குடும்பநல உத்தியோகத்தரை உயர்த்துவதால் வீட்டில் இருக்கும் அம்மம்மாவைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடும்புப் பாலைப் பிழிந்து ஊற்றச் சொன்னதும், சீனித் தண்ணி பருக்கச் சொன்னதும் பல வீடுகளில் அவர்தான். பத்தியச் சோற்றோடு, பால் காணுமா என்ற தீர்ப்பும் அவர் கையில் இருந்தது. சின்டி-லீ டெனிஸ் 1999இல் உருவாக்கி 2003இல் பதினான்கு கூற்றுகளாகச் சுருக்கிய பாலூட்டல் தன்னம்பிக்கை அளவுகோல், 'நான்' என்று பேசும் தாயிடம் கேட்கிறது. "உனக்குப் பால் காணும் பிள்ளை, பயப்படாதை" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லி வருகிற உறுதியை அது எப்படி அளக்கும்?

தாய்ப்பால் மட்டும் ஊட்டும் வழக்கம் உயர்ந்த இந்த மாற்றம் வன்னிக்கு எப்போது வந்தது? மேற்சொன்ன எண்களைத் தந்தவற்றில் 2006–07 மதிப்பாய்வில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் இல்லை. இருபத்தைந்து மாவட்டங்களையும் முதன்முதலாக உள்ளடக்கியது 2016 மதிப்பாய்வுதான். ஆகவே 76இல் இருந்து 82க்குப் போகும் கோட்டின் இரு முனைகளும் ஒரே நாட்டின் முனைகள் அல்ல. அதை வன்னியின் வரலாறாக வாசிக்க முடியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளை மட்டும் எண்ணும் அளவு என்பதால், வவுனியாவைத் தனியே பிரித்தால் எண்ணிக்கையும் மிகச் சிறுத்துவிடும். போர்க்காலம் முழுவதும் அரச சுகாதார ஊழியர்கள் வன்னிக்குள் வேலை செய்தார்கள் என்பதால், மாற்றம் 2009க்கு முன்பே தொடங்கியிருக்கும் என்ற பக்கம் சாய்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகே தொடங்கியது என்பவரையும் இந்தத் தரவால் மறுக்க இயலாது: முந்தைய இரு மதிப்பாய்வுகளுக்கிடையில் வீதம் 53இல் இருந்து 76க்கு ஏறியதும், 2009க்கும் 2016க்கும் இடைப்பட்டதைப் போன்ற ஏறத்தாழ ஏழு ஆண்டுகளில்தான்.