பழைய மரப்படகுக்கு எந்தப் பூச்சு? - ஒரு சரித்திரப் பார்வை

ஒரு பழைய மரப்படகைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் முதலில் என்ன செய்வோம்? பெயின்ட் கடைக்குப் போய் இருப்பதிலேயே கெட்டியான சீலன்ட்டும் பளபளப்பான பெயின்ட்டும் கேட்போம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் படகு எப்படிக் கட்டப்பட்டது?

சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரம் போட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலா படகுகள். இவற்றில் ஓர் ஆணி கூடக் கிடையாது! பலகைகளில் துளை போட்டு, இடுக்கின் மேல் வைக்கோலோ நாரோ வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடித்தால் படகு நெகிழ்ந்து கொடுக்கும், உடையாது. கொஞ்சம் கசியும், இறைத்து ஊற்றுவார்கள். அவ்வளவுதான்.

கசிவை விடப் பெரிய எதிரி மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு. (பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம்.) இதற்கு ஆசியாவின் பழைய மருந்து, சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த பூச்சு. சீனக் கப்பல்களில் சுண்ணாம்பு, நறுக்கிய சணல், மர எண்ணெய் மூன்றையும் கலந்து பூசியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ சொல்லியிருக்கிறார்.

பிரிட்டிஷ் கடற்படை வேறு வழியில் போனது. 1761இல் 'அலாரம்' என்ற கப்பலின் அடிப்பகுதியில் செப்புத் தகடு அடித்தார்கள். புழு நின்றது. ஆனால் செம்பு பட்ட இடத்தில் இரும்பு ஆணிகள் கடல் நீரில் அரித்துப் போயின! 20ஆம் நூற்றாண்டில் டி.பி.டி. என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் வந்தது. அது சிப்பிகளையும் நத்தைகளையும் பாதித்ததால், 2001இல் உருவாகி 2008இல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்தது.

ஒரு பூச்சு நல்லதா கெட்டதா என்பதை டப்பாவை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது என்பதைத்தான் இது காட்டுகிறது. மரம் தண்ணீரில் ஊறினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். பலகை இடுக்கில் பஞ்சுத் திரி இருந்தால், மரம் பருக்கும்போது அது அமுங்கிக் கொடுக்கும். அதே இடத்தில் கல் போல இறுகும் எபாக்ஸியை அடைத்தால், பருக்கும் பலகைக்குப் போக இடமில்லை. பலகையின் விளிம்பு நசுங்கும், அல்லது உள்ளே இருக்கும் சட்டம் தளரும். காப்பாற்ற நினைத்த படகை நாமே கெடுத்தது போல ஆகிவிடும்.

பழைய முறை வெறும் கதை அல்ல. அஜந்தா ஓவியத்தைப் பார்த்துக் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பல் 2025 மே மாதம் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதன் மாதிரியைச் சோதித்தது நம் சென்னை ஐ.ஐ.டி.! நார்க் கயிறு, தேங்காய் நார், இயற்கைப் பிசின் இவற்றை நம்பி அது போர்பந்தரிலிருந்து கிளம்பி, 2026 ஜனவரியில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

எனவே நண்பர்களே, பழைய படகு கிடைத்தால் முதலில் அதன் இடுக்குகளைப் பாருங்கள். கடைக்கு அப்புறம் போகலாம்.