நிறைவேற்றம் முன்னே, தீர்க்கதரிசனம் பின்னே

நடு அந்தமானின் ரங்கத்தில் தமிழும் வங்காளமும் இந்தியும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. மொழி மாறும்போது சொல்லின் பொருளும் நகர்கிறதா என்பது இங்கு வெறும் ஏட்டு வினா அன்று. அவ்வினாவோடு தமிழ் விவிலியத்தின் அச்சு வரலாற்றை அணுகினால், குறிப்பிடத்தக்க ஒரு முரண் தென்படுகிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த நற்செய்தி நூல்கள் 1714இல் அச்சேறின. புதிய ஏற்பாடு 1715இல் முழுமை பெற்றது. அவர் 1719இல் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே மொழிபெயர்த்திருந்தார். எஞ்சியதை சூல்ட்சே முடிக்க, 1723 முதல் 1728 வரை அது பகுதி பகுதியாக வெளிவந்தது. ஆகவே, தீர்க்கதரிசி உரைத்தது நிறைவேறிற்று என மத்தேயுவில் வாசித்த தமிழர், அத்தீர்க்கதரிசியின் நூலை அச்சில் காணப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். நிறைவேற்றத்தின் வழியாகவே அவர்கள் தீர்க்கதரிசனத்தை அறிந்தனர்.

இவ்வரிசை வாசிப்பையும் வடிவமைக்கிறது. ஏசாயா ஏழாம் அதிகாரத்தின் களம் கி.மு. 735ஐ ஒட்டியது. சிரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து யூதாவை நெருக்க, அரசன் ஆகாஸ் அஞ்சுகிறான். பிறக்கவிருக்கும் ஒரு குழந்தை அவனுக்கு அடையாளமாகக் கூறப்படுகிறது. அக்குழந்தை நன்மை தீமை அறியுமுன் பகை நாடுகள் பாழாகும் என்பதே செய்தி. கி.மு. 732இல் தமஸ்கு அசீரியரிடம் வீழ்ந்தது. தாயைக் குறிக்கும் ‘அல்மா’ என்னும் எபிரேயச் சொல் இளம்பெண்ணைச் சுட்டுவது. எழுபதின்மர் கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைப் ‘பார்த்தெனோஸ்’ ஆக்கியது. கன்னி என்னும் பொருள் அங்கு வலுப்பெற்றது. மத்தேயு கிரேக்க வடிவையே எடுத்தாண்டார். இன்று பெரிதும் வழங்கும் தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடங்களிலும் ‘கன்னிகை’ என்றே உள்ளது. இளமை, மணமாகாமை ஆகிய இரண்டையும் தாங்கும் தமிழ்ச்சொல் அது. எனவே தமிழ் வாசகருக்கு இடைவெளி தெரிவதில்லை.

அப்படியாயின் மத்தேயு தவறாக வாசித்தாரா? அவ்வாறு தீர்ப்பளிப்பது எளிது. வரலாற்றுக்கு அது போதாது. கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஆபகூக் உரைச்சுருள், பழைய தீர்க்கதரிசியின் சொற்களைத் தம் காலத்து நிகழ்வுகளாகவே விளக்குகிறது. அக்காலத்து யூதரிடையே வழங்கிய இத்தகைய வாசிப்புமுறைக்குள்ளேயே மத்தேயுவும் நிற்கிறார். எகிப்திலிருந்து அழைக்கப்பட்ட மகன் என ஓசியா சுட்டுவது கடந்தகால இஸ்ரவேலை. மத்தேயு அதை இயேசுவின் வாழ்வில் மீண்டும் காண்கிறார். அவர் கையாளும் கிரேக்க வினைக்கு அடிப்பொருள் ‘நிரப்புதல்’. ‘நிறைவேறு’ என்னும் தமிழ்ச்சொல்லிலும் ‘நிறை’ உள்ளது. முன்கணிப்பு பலித்தது என்பதைவிட, பழைய சொல் புதுப்பொருளால் நிறைந்தது என்பதே இதற்கு நெருக்கமானது.

இவ்வேறுபாடு சிறிதன்று. 1263இல் பார்சிலோனாவில் அரசன் முன்னிலையில், மேசியா வந்துவிட்டாரா என்பது பற்றி வாதிடுமாறு யூத அறிஞர் நாக்மனிடீஸ் பணிக்கப்பட்டார். பின்னர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. தம் நூலின் பொருளறியாதோர் என்று யூதர்மேல் சுமத்தப்பட்ட பழி, ஒரு வாசிப்பை ஒரே வாசிப்பாக்கியதன் விளைவு.

ஆதலின் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மத்தேயுவின் முதல் அதிகாரத்தைப் படிக்கும் நாளில், ஏசாயாவின் ஏழாம் அதிகாரத்தை ஆகாஸின் அச்சத்தோடு முழுமையாகப் படியுங்கள். ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடி அச்சகத்தில் தலைகீழாக அமைந்த வரிசையை, நம் மேசையிலேனும் நேராக்கலாம்.